வெள்ளை வாங்கப் போன நேரம்

பதினோரு வருஷமா அந்தக் கலைப் போட்டிக்கு அனுப்பி அனுப்பி, இந்தத் தடவைதான் என் பேர் வந்துச்சு. இறுதிச் சுத்துல பன்னெண்டு பேர். அதுல ஒம்பது வீடியோ! இனிமே தூரிகையைத் தொட்டாலே சிரிப்பாங்கன்னு பொருமிக்கிட்டே கடிதத்தைப் படிச்சா, ஒம்பதாவது வீடியோ என்னுதாம். நான் அனுப்பினது ஜன்னலோரத்துப் பச்சை நாற்காலி, எண்ணெய் வண்ணத்துல.

நடந்தது இதுதான். படம் வரையுறவங்களும் வேலை செய்யுறதை வீடியோ எடுத்துச் சேர்த்து அனுப்பணும்னு புது விதி. போனை ஸ்டூல் மேல சாய்ச்சு வச்சுட்டு வரைஞ்சேன். நடுவுல வெள்ளை தீர்ந்துபோச்சு. வேலை ஓடிக்கிட்டு இருந்தா எனக்கு வேற எதுவும் மண்டையில ஏறாது. போனை அணைக்காமலே கடைக்குப் போயிட்டேன். வெட்டத் தெரியாம முழுசா அனுப்பியும் வச்சேன். பாவிங்க, வீடியோவை வச்சுக்கிட்டுப் படத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரலாம்னு கண்காட்சிக்குப் போனேன்.

இருட்டு அறை. திரையில என் வீடு. நான் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போறேன். கொஞ்ச நேரம் கழிச்சு என் மனைவி உள்ள வர்றா.

அந்த வீடியோ எடுத்த அன்னிக்குச் சாயங்காலம்தான் எங்களுக்குப் பெரிய சண்டை. என் படத்தை ஒரு நாளாவது நின்னு பாத்திருக்கியான்னு கத்தினேன். அவ பையை எடுத்துக்கிட்டா. அக்கா வீட்டுக்குப் போனவதான், அஞ்சு மாசம் ஆச்சு. வீடு வீடாவே இல்ல.

திரையில அவ என் படத்து முன்னால நிக்கிறா. நின்னுக்கிட்டே இருக்கா. கிட்ட போய், நாற்காலிக் கையில ஒரு விரலை வச்சுப் பாக்குறா. விரல்ல ஒட்டின பச்சையைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போயிடுறா. அவ நின்னது பதினாலு நிமிஷம். மூணு தடவை உக்காந்து பாத்தேன்.

வாசலுக்கு வந்து அவளுக்குப் போன் போட்டேன். பாத்ததை எல்லாம் சொன்னேன். நீ இல்லாம முடியல, வந்துடுன்னும் சொன்னேன்.

"நீங்க கடைக்குப் போறப்பெல்லாம் பாப்பேன்"ன்னா. "நீங்க இருக்கும்போது பாத்தா, எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு உயிரை வாங்குவீங்க."

அப்புறம் மெதுவா கேட்டா: "நாற்காலியில என் விரல் பட்ட இடம் அப்படியே இருக்கா?"

சண்டைக்கு மறுநாள் காலையிலேயே அந்தத் தடத்தைப் பாத்துட்டேன். பூனை பண்ணின வேலைன்னு திட்டிக்கிட்டே, வாங்கிட்டு வந்த வெள்ளையைப் பச்சையில கலந்து மேல பூசிட்டேன்.

"வீடியோல இருக்கு"ன்னேன்.