நாலு நாள் துடைக்காத கண்ணாடி

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் நான் லேப் பார்க்கிறேன். தண்ணீர் என்றாலே ஷைனிதான் என்று யார் முடிவு செய்தார்களோ, வரவேற்பறையில் புதிதாக வைத்த ஆறடிக் கடல்மீன் தொட்டியும் என் தலையில் விழுந்தது. கழிவுநீருக்கும் கடல்மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று அட்மின் மேனேஜர் தணிகாசலம் சாரிடம் கேட்டேன். "ரெண்டும் தண்ணிதானம்மா" என்றார். அவருக்கு எல்லாமே அப்படித்தான்.

தொட்டியில் ஐந்து மீன்கள். நான்கு மீன்கள் போட்டதையெல்லாம் தின்னும். ஐந்தாவது தொடவே தொடாது. மாண்டரின் என்று பெயர். விரல் நீளம்தான், நீல உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள். பட்டுப்பாவாடை கட்டிய குழந்தை மாதிரி கல்மேல் தத்தித் தத்திப் போகும். வந்து மூன்று வாரமாகியும் ஒரு குருணைத் தீனியைக்கூட அது வாயில் வைக்கவில்லை. வயிறு ஒட்டிக் குழி விழுந்துவிட்டது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் அந்த வயிறுதான் ஞாபகம் வரும். பாழாய்ப்போன மீன், என்னையும் சாப்பிட விடவில்லை.

சாப்பிட வைக்கத்தான் தெரியவில்லை, சுத்தமாகவாவது வைத்துக்கொள்வோம் என்று காலையும் மாலையும் கண்ணாடியைத் தேய்த்தேன். ஃபில்டர் பஞ்சை அலசினேன். கடல்கல்லில் படிந்த பாசியை பிரஷ் போட்டு எடுத்தேன். எங்கள் பிரிவில் பழகிய பழக்கம் அது. வெளியே போகும் தண்ணீரில் ஒரு தூசி தெரிந்தாலும் விட மாட்டோம்.

பொங்கலுக்கு நான்கு நாள் ஷட்டவுன். ஐந்தாம் நாள் காலை வந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள். உப்பு படிந்திருக்கிறது என்று நினைத்துக் கிட்டே போனேன். ஒரு புள்ளி நகர்ந்தது. பக்கத்துப் புள்ளியும் நகர்ந்தது. நூற்றுக்கணக்கில் வெடுக் வெடுக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. தணிகாசலம் சாரைக் கூப்பிட்டேன்.

தணிகாசலம் சார் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, பேன் மாதிரி கீது? பதினோரு மணிக்கு கஸ்டமருங்க வராங்க."

"தெரியல சார். லீவுக்கு முன்னாடி இல்ல."

"மீனுங்க மேல ஏறி கடிக்கப் போவுது. காப்பர் மருந்து கீதுல்ல, அத்த ஊத்து. பூச்சியெல்லாம் செத்துப்பூடும்."

"இன்னா பூச்சின்னே தெரியாம எப்டி சார் ஊத்தறது? பத்து நிமிஷம் குடுங்க."

"பத்தே நிமிஷம். அப்பால நானே ஊத்திடுவேன்." மருந்து பாட்டிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கழிவுநீர்ச் சகதியில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று தினமும் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. கண்ணாடியில் ஓடிய புள்ளிகளோடு ஒரு சொட்டுத் தண்ணீரை உறிஞ்சி, லேபுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சகதியில் நான் பார்த்த எதுவும் இல்லை இது. தலைப்பக்கம் பருத்து வால்பக்கம் ஒடுங்கிய உடம்பு. நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கண். ஒன்று வாலடியில் முட்டைப் பையைச் சுமந்துகொண்டிருந்தது. வீடியோ எடுத்து, கொளத்தூரில் எங்களுக்கு மீன் விற்ற சாலமோன் அண்ணனுக்கு அனுப்பி, கையோடு போன் போட்டேன்.

"மீன் மேல ஒட்டிக்கினு கீதா சிஸ்டர்?"

"இல்லண்ணா. கண்ணாடி மேல, கல்லு மேல ஓடிக்கினு கீது."

"மருந்து கிருந்து ஊத்திடலியே?"

"இன்னும் இல்ல."

"ஸ்தோத்திரம்! அது கோப்பிபாட், எறா ஜாதி பொடிப்பூச்சி, கல்லோட வந்திருக்கும். ஒண்ணும் பண்ணாது. உங்க மாண்டரின் சாப்புடறதே அத்ததான். காப்பர ஊத்துனா அத்தினியும் பூடும். இத்தினி நாளா தொட்டில ஒண்ணுகூட இல்லியா?"

இருந்திருக்கும். நான்தான் இரண்டு வேளையும் துடைத்து, அலசி, சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தேன். ஐயோ, பட்டினி கிடக்கிறதே என்று அழாத குறையாக நின்ற நானே அதன் தட்டைப் பிடுங்கியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பத்து நிமிஷம் தாண்டிவிட்டது. வரவேற்பறைக்கு ஓடினேன். பாட்டில் மூடி திறந்திருந்தது.

"சார், ஊத்தாதீங்க!"

அவர் திரும்பவே இல்லை. "ஷைனி, இங்க வா. இது இன்னா பண்ணுது பாரேன்."

மாண்டரின் கண்ணாடியோரம் நின்று ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தது. டக்கென்று கொத்தியது. புள்ளியைக் காணோம். அடுத்த புள்ளி. அதற்கடுத்தது. புள்ளிகளைக் கண்ட பதற்றத்தில் நான் மீனைப் பார்க்கவேயில்லை. நான்கே நாளில் வயிற்றுக் குழி பாதி நிரம்பியிருந்தது. அப்பாடா என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

சாலமோன் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். சார் பாட்டிலை மூடினார். ஹவுஸ்கீப்பிங் தமிழ்செல்வி அக்கா துணியோடு வந்தார்.

"கஸ்டமர் வர நேரத்துல கண்ணாடி இப்டி கீதே. தொடச்சிடட்டா சார்?"

"தொடாத தாயே. அது சாப்புட்டுக்கினு கீது."

அன்று மதியம் டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, கேன்டீனில் இன்னொரு கரண்டி சாம்பார் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.