அளவெடுத்துத் தைத்த நாயகன்

எனக்குப் பதினைந்து வயதானபோது ஒரு மலை என்னைச் சாப்பிடுவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அதற்குப் பிடிக்காமல் போய்விட்டது. மலைமேல் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. வருத்தமெல்லாம் என் மாமாமேல்தான்.

மாமா டெய்லர். அம்மாவுக்கு அண்ணன். அம்மா வேலைக்காகக் கப்பலேறிப் போனபோது என்னையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் அவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். என்னைக் கட்டிலுக்கு மேலே வைத்தார்கள். மற்றபடி இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் பார்த்துக்கொண்டார்கள்.

மாமாவுக்கு ஒரே மகன், என்னைவிட இரண்டு வயது பெரியவன். நான் அவனை மச்சான் என்று கூப்பிடுவேன், அவன் என்னை டேய் என்று கூப்பிடுவான். அவன் போட்டுக் கிழித்த சட்டையெல்லாம் எனக்கு வரும். டெய்லர் வீட்டில் இருந்துகொண்டு பழைய சட்டையா என்று நான் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்க வேண்டியதை என் முழங்கை அவ்வப்போது வெளியே எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டது.

ஒரு நாள் மத்தியானம் கடையில் ஒரு சட்டையின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார்.

"மாப்ளே, இங்க வா. நேரா நில்லு."

"யாருக்கு மாமா அளவு?"

"உனக்குத்தான்டா. இங்க வேற யார் நிக்கறா?"

"எனக்கா! என்ன தைக்கப் போறீங்க?"

"கோட்டு."

மச்சான் இஸ்திரி மேஜையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். "இவனுக்குக் கோட்டாப்பா? இவன் மேல மாட்டறதுக்கு ஆணியில மாட்டினா கோட்டாவது நல்லா இருக்கும்."

மாமா சிரிக்கவில்லை. என் கழுத்தை அளந்தார், மார்பை அளந்தார், கையை மடக்கச் சொல்லி அளந்தார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார். குனிந்தபோது அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு எந்த ஈரமும் பாசமாகத்தான் தெரியும்.

கோட்டு தயாரானது. கருநீலத் துணி, அந்த மாதிரித் துணியை எங்கள் கடைத்தெருவில் நான் கண்டதில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் வெளிச்சம் வழுக்கிக் கீழே விழும். போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி என்பார்களே, அப்படி இருந்தது. அளவெடுத்துத்தான் தைத்திருந்தார் என்றாலும், முதல்முறையாக எனக்கு அப்படி ஒன்று நடந்ததால் சொல்கிறேன்.

"ட்ரையல் ரூமுக்குள்ள போய்க் கண்ணாடியில பாரு மாப்ளே," என்றார் மாமா. திரையை அவரே இழுத்துச் சாத்தினார்.

கண்ணாடிக்குள் விழுந்துவிட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நானும்தான் நம்பவில்லை, ஆனால் முழங்கால் சிராய்த்திருந்தது.

அந்தப் பக்கம் ஒரு தெரு. மழை பெய்துகொண்டிருந்தது, தரையிலிருந்து வானத்துக்கு. அங்கே எப்போதும் அப்படித்தானாம். அதனால் குடையை விரித்துத் தரையில் போட்டு அதன்மேல் கால் வைத்து நடக்கிறார்கள். தெருவில் ஒரு பெரிய கூட்டம் எனக்காகக் காத்திருந்தது. முன்னால் ஒரு மந்திரியம்மா நின்றாள். அவளுக்குக் கைக்கு மூன்று முழங்கை. எனக்கு முதலில் தோன்றியது, இந்தக் கைக்கு எப்படித் துணி வெட்டுவது என்பதுதான். வளர்ந்த இடம் அப்படி.

மந்திரியம்மா என் கோட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தோளில் ஒரு விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

"உடம்போட ஒட்டி இருக்கு!" என்று கூவினாள். "நாயகன் வந்தாச்சு!"

கூட்டம் கைதட்டியது. மூன்று முழங்கைக்காரர்கள் கைதட்டினால் ஒரு தட்டுக்கு நாலு சத்தம் வரும். ஊருக்கு வெளியே ஒரு மலை இருப்பதாகவும், அது பசித்தால் வீடுகளைத் தின்பதாகவும், நீலக் கோட்டு உடம்போடு பொருந்தி வருகிறவன் அதன் வாய்க்குள் போய் அதை அடக்குவான் என்று எழுதியிருப்பதாகவும் சொன்னார்கள். என் கையில் ஒரு வாளைக் கொடுத்தார்கள். தகர வாள். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன். மச்சானுக்கு யாரும் தகர வாள்கூடக் கொடுத்ததில்லை. அவன் மட்டும் இதைப் பார்த்தால் என்று ஏங்கினேன்.

நாயகன் என்றால் குடை போட ஓர் ஆள் உண்டு. என் வயதுப் பெண்ணொருத்தி எனக்கு முன்னால் குடை குடையாக விரித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். ஊரைத் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. தாண்டியதும் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரொம்பத்தான் நெஞ்சை நிமித்தாதே. பட்டன் தெறிச்சுடும்."

"நாயகன்கிட்ட இப்படித்தான் பேசுவியா?"

"போன நாயகனுக்கும் நான்தான் குடை போட்டேன். நல்ல பையன். குடை மட்டும் திரும்பி வந்துது."

"அவன் மலையை அடக்கலையா?"

"அடக்கினானே. ஒரு வாய்ச் சாப்பாட்டுக்கு அது எவ்வளவு நாள் அடங்குமோ அவ்வளவு நாள்."

நான் நின்றேன். மழை என் முகவாய்க்கட்டையில் அடித்தது.

"எழுதியிருக்குன்னு சொன்னாங்களே. கோட்டு பொருந்தறவன்தான்னு."

"பொருந்தித்தான் ஆகணும். தொளதொளன்னு வந்தா மலைக்குப் பல்லுல சிக்கும், துப்பிடும். அதுக்குத்தானே துணியைக் குடுத்து டெய்லர்கிட்டத் தைக்கச் சொல்றது."

"எந்த டெய்லர்கிட்ட?"

அவள் அடுத்த குடையை விரித்தாள்.

"எங்க மாமாவா இருக்காது," என்றேன். "வேற டெய்லரா இருக்கும். டெய்லருக்கா பஞ்சம்."

"இருக்கும். துணி குடுக்கப் போனப்ப நானும் கூட இருந்தேன். காதுல பென்சில் சொருகியிருந்தார். வாய் நிறைய குண்டூசி. வீட்டுல ஒரு பிள்ளை வேணும்னு மந்திரியம்மா கேட்டாங்க. ரெண்டு இருக்கு, எதுன்னார். உங்க இஷ்டம்னாங்க."

"அப்புறம்?"

"குண்டூசியைக்கூட எடுக்கலை. வாயில வச்சுக்கிட்டே, சின்னவன் அளவைக் குறிச்சுக்கறேன்னார்."

இருக்கிற குடையெல்லாம் காலுக்கடியில் கிடந்தும் நான் தொப்பலாக நனைந்துபோனேன். மாமா குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு பேசினால் வேறு யாருக்கும் புரியாது. எனக்குப் புரியும். அவர் குரலிலேயே அந்த வாக்கியம் எனக்குக் கேட்டது. வாடிக்கையாளரிடம் பட்டன் கறுப்பா வெள்ளையா என்று பேசுகிற அதே குரல்.

ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதேன். அங்கே கண்ணீரும் மேல்நோக்கித்தான் போகிறது, நெற்றியெல்லாம் ஈரம். மூக்கைத் துடைக்கக் கோட்டின் கைப்பட்டையை எடுத்தேன். மடிப்பு கனமாக இருந்தது. இருக்கக் கூடாத அளவு கனம். தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடித்து விட்டிருந்தார். அடுத்த கையிலும் அப்படியே. விலாவில், முதுகில், கீழ்விளிம்பில், எல்லா இடத்திலும் உள்ளே துணி.

வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போதுதான் அப்படி விடுவார்கள். அடுத்த வருஷம் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அடுத்த வருஷமும் நான் இருப்பேன் என்று மாமா நினைத்திருக்கிறார்! வேறு வழியில்லாமல் அனுப்பிவிட்டு, தப்பித்து வருவதற்கு வழியையும் உள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறார். வெளியே சொல்ல முடியாததை நூலால் சொல்லியிருக்கிறார். அந்தப் பாறையில் உட்கார்ந்து என் மாமாவை நான் மறுபடி நல்லவராக்கிவிட்டேன். அதற்கு ஒரு தையல் பிரிக்கும் நேரம்தான் ஆனது.

மற்ற தையல்களையும் பிரித்துக் கோட்டைத் தொளதொளப்பாக்க ஆரம்பித்தேன். குடைக்காரி பார்த்தாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் எதையும் பாக்கலை," என்றாள். "அந்த முதுகுத் தையலை விட்டுட்டே பாரு."

மலையின் வாயில் காயாத போர்வையின் வாடை. நான் உள்ளே நுழைந்தபோது கோட்டுக் கை என் விரல்நுனியைத் தாண்டித் தொங்கியது. மலை என்னை ஒரு பக்கம் ஒதுக்கிச் சப்பிப் பார்த்தது. கைப்பட்டை ஒரு பல்லில் மாட்டியது. நாக்கால் நெம்பியது. வரவில்லை.

"யாருடா தைச்சது?" என்றது மலை.

"எங்க மாமாங்க."

"டெய்லரை மாத்து," என்று சொல்லித் துப்பியது.

துப்பிய வேகத்தில் வழியில் இருந்த எல்லாவற்றையும் தாண்டி ட்ரையல் ரூம் தரையில் வந்து விழுந்தேன். திரையை விலக்கினேன். சாயங்காலம். மாமா மெஷினில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தார். முகம் வெளுத்தது. ஆனால் அவர் கண் என் முகத்தில் நிற்கவில்லை. நேராகக் கைக்குப் போனது.

"கை இறங்கியிருக்கே," என்றார். "கழட்டு மாப்ளே, பிடிச்சுத் தரேன்."

"யாருக்கு மாமா பிடிக்கறீங்க? எனக்கா, மலைக்கா?"

மெஷின் நின்றது. மாமா வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுப் பொதியில் குத்தினார். இந்தத் தடவை அதற்கு அவருக்கு நேரம் இருந்தது.

"வீட்டுல ஒண்ணு குடுத்தே ஆகணும்னாங்கடா. இல்லைன்னா வீட்டோட போயிடும்னாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"ஒண்ணும் பண்ண முடியாது மாமா. அது எனக்குப் புரியுது. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க." தொங்கிய கைப்பட்டையைத் திருப்பிக் காட்டினேன். "சாகப் போறவனுக்கு உள்ளே எதுக்குத் துணி விட்டீங்க?"

அவர் சொல்லப்போகிற பதிலை நான் வழியெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் பாதி சொன்னால் மீதியை நானே சொல்லிக்கொள்ளவும் தயாராக இருந்தேன்.

மாமா துணியைத் தடவிப் பார்த்தார். உண்மையாகவே அவருக்கு நினைவில்லை.

"பழக்கம்டா," என்றார். "சின்னப் பசங்கன்னா கை தானா விட்டுடும்."

அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே வந்தான். கோட்டைப் பார்த்தான். பிரித்துவிட்டதில் அது அவன் அளவுக்கு வந்திருந்தது.

"டேய், கழட்டு. எனக்குத்தான் சரியா இருக்கும் போலிருக்கு. ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுத் தரேன்." கோட்டின் காலரைப் பிடித்தான்.

"தொடாதேடா!"

மாமா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. கடைக் கண்ணாடி அதிர்ந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து மச்சானின் கையைத் தட்டிவிட்டு, அவனைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். மூச்சு வாங்கினார். முதுகுக்குப் பின்னால் இடம் நிறையவே இருந்தது. இன்னொருவன் தாராளமாக நிற்கலாம்.

மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னப்பா? கோட்டுதானே?"

நான் வெட்டும் மேஜைக்குப் போய்ப் பெரிய கத்தரிக்கோலை எடுத்தேன். அதை மாமாவைத் தவிர யாரும் தொடக்கூடாது, காகிதம் வெட்டினால் கையை ஒடித்துவிடுவார். நான் கோட்டைக் கழற்றிக் கையிலிருந்து ஆரம்பித்து வெட்டினேன். வழுக்கும் துணி, வெட்ட வெட்ட நழுவியது. ஒவ்வொரு வெட்டுக்கும் மாமாவின் கண் சுருங்கியது. நல்ல துணி வீணாகும்போது எந்த டெய்லருக்கும் அப்படித்தான் சுருங்கும். பிறகு ட்ரையல் ரூம் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அதற்கு மட்டும் மச்சான் ஒரு கை பிடித்தான், எதற்கென்று தெரியாமலே.

ராத்திரி சாப்பிடப் போனேன். வேறு எங்கே போவது, என் டிரங்குப் பெட்டி அங்கேதான் இருந்தது. அத்தை பரிமாறினாள். மாமா கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்த பிறகும் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளே," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "உனக்கு வேற ஒண்ணு தைச்சுத் தரேன். நல்லதா. நீயே துணி எடு."

அவர் கழுத்தில் டேப் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார், நான் சரியென்றால் அங்கேயே அளவெடுத்துவிடுவார் போல.

"வேணாம் மாமா," என்றேன். "நான் ரெடிமேட் வாங்கிக்கறேன்."