நூற்று நாற்பத்தேழாம் நம்பர்

உலக நிதி, வணிகம், அபிவிருத்தி! பேரைக் கேட்டாலே வயிறு நிறைந்துவிடும். 1969இல் இலங்கையின் பதுளையில் மாணவர்களுக்கென்று தொடங்கிய அந்தப் படிப்புத் திட்டத்துக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தேர்வானவன் முருகையா ஒருவன்தான். கடைசியில் எழுதும் கட்டுரைக்கு முதற்பரிசு லண்டன் பயணம்.

அங்கே கூடப் படித்த கூட்டாளி தங்கராஜா புடவைக்கடை முதலாளியின் மகன். தேயிலையைக் கோப்பையில்தான் பார்த்திருக்கிறான். “ஒங்க லயத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ மச்சான், கட்டுரைக்கு வேணும்” என்று நச்சரித்தான். முருகையாவும் கூட்டிப்போனான். புத்தி எங்கே போச்சோ!

அம்மா ரெங்கம்மா ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பக்கத்துக் காம்பிராவில் இரவல் வாங்கிய தட்டில் வைத்தாள். நாலு ரொட்டியைத் தின்றுவிட்டு, கொழுந்து நிறுப்பதைப் பற்றிக் கேட்டான் தங்கராஜா.

“கூடைக்கு ரெண்டு றாத்தல், ஈரத்துக்கு ரெண்டு றாத்தல் கழிப்பாங்க தம்பி. வெயில் காஞ்சாலும் ஈரந்தான்!”

கேட்காமலே தோட்டப் பதிவேட்டில் தனக்குள்ள செக்ரோல் நம்பரையும் சொன்னாள்: நூற்று நாற்பத்தேழு. காலையில் ஆளெடுக்கும் பெரட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அதைச் சொல்லியே பழகியவள்.

திரும்பும் வழியில் முருகையா அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “கட்டுரையில பேரும் எழுதாத, நம்பரும் எழுதாத. தோட்டத்துல நம்பர்தான் ஆளு. தெரிஞ்சா அம்மா பேர வெட்டிருவாங்க. குடியிருக்கிற காம்பிராவும் போயிரும்.”

“எங்கம்மா மேல சத்தியம்டா.”

கடைசி நாள். மண்டபத்தின் முன்வரிசையில் தோட்டங்களை நடத்தும் துரைமார். தங்கராஜா மேடையேறி, கொழுந்து நிறுவையில் நடக்கும் களவைப் பற்றிய தன் கட்டுரையை, “ஆதாரம், என் கூட்டாளியின் தோட்டத்தில் செக்ரோல் நம்பர் நூற்று நாற்பத்தேழு” என்று கணீரென்று வாசித்து முடித்தான். கைதட்டல் அடங்கவே இல்லை. முருகையாவின் தோட்டத்துத் துரை சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மண்டப வாசலில் முருகையா தங்கராஜாவை மறித்தான்.

“ஏன்டா இப்படிச் செஞ்ச?”

“ஆதாரம் இல்லாம பரிசு குடுப்பாங்களா? பேர எழுதலியே மச்சான்!”

அடப்பாவி! எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறான். முருகையாவுக்கு அவனை அறையக்கூடக் கை எழவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் அம்மாவின் பின்னால் போய் நின்றான். இரவு முழுதும் சொல்ல வாய் வரவில்லை. கணக்கப்பிள்ளை வாசித்தார்.

“நூத்தி நாப்பத்தஞ்சு... நூத்தி நாப்பத்தாறு... நூத்தி நாப்பத்தெட்டு...”

ரெங்கம்மா கூடையோடு ஓரடி முன்னால் வந்துவிட்டாள். “ஐயா, என் நம்பர விட்டுட்டீங்க.”

“ஒன் பேர வெட்டியாச்சு. துரை உத்தரவு.” அவர் தலை நிமிரவில்லை.

அவள் திரும்பி மகனின் முகத்தைப் பார்த்தாள். விளங்கிவிட்டது.

“அந்தத் தம்பி நம்ம வீட்டுல சாப்புட்டுச்சேப்பா” என்றாள்.