குறைப் பதிவேட்டில் ஏறாத குறட்டை

வானொலி நிலையத்தில் அவரை எல்லோரும் 'ரெண்டு நொடி' என்றே அழைத்தார்கள். பணியில் சேர்ந்த முதல் வாரம், செய்திக்கும் பாட்டுக்கும் நடுவே அவருடைய கை தவறி இரண்டு நொடி மௌனம் விழுந்துவிட்டது. கேட்டவர் ஒருவரும் கவனிக்கவில்லை. அவரோ குறைப் பதிவேட்டை எடுத்து, 'காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். இரண்டு நொடி மௌனம். காரணம்: என் கவனக்குறைவு' என்று எழுதிக் கையொப்பமிட்டார். ஒலிபரப்பில் நேர்ந்த குறையை அதற்குக் காரணமானவரே எழுதவேண்டும் என்பது அந்நிலையத்தின் விதி. ஆயினும் இரண்டு நொடியையும் ஒரு குறையாக மதித்து எழுதியவர் அவர் ஒருவரே. அன்று ஒட்டிக்கொண்ட பெயர், ஓய்வுபெற்றுப் பதினாறு ஆண்டுகளாகியும் உதிரவில்லை. இன்றும் வீட்டுக் கடிகாரம் அரை நிமிடம் பிந்தினால், "என் தப்புதான், நேத்து பார்க்காம விட்டுட்டேன்" என்று மனைவியிடம் ஒப்புக்கொள்வார். யார் பேசி முடித்தாலும் ஒரு மூச்சு பொறுத்த பிறகே மறுமொழி சொல்வார்.

நிலையத்தின் அறுபதாம் ஆண்டு விழா நெருங்கிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய 'மதகு' நாடகத்தை மறுபடியும் ஒலிபரப்பப்போவதாகவும், இசைவுக் கடிதத்தில் கையெழுத்திட வரவேண்டும் என்றும் நிலைய இயக்குநரான அம்மையார் தொலைபேசியில் அழைத்திருந்தார். புதன்கிழமை முற்பகல் அவர் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் 'இடி' காத்திருந்தார். தகரத் தகட்டை உலுக்கி நாடகங்களுக்கு இடியோசை வரவழைத்தவர். அந்தக் காலத்துத் தோழர்.

"என்னப்பா ரெண்டு நொடி, ரெண்டு நிமிஷம் லேட்டு! பதிவேட்ல ஏத்திடலாமா?"

"ஏத்து. பஸ் லேட்டுன்னு எழுதாத, நான் லேட்டுன்னு எழுது."

"நீ எங்க திருந்தப்போற!"

நாடகங்கள் நடந்த கூடம் இப்போது பழைய ஒலிநாடாக்களை வைக்கும் அறையாகியிருந்தது. இருந்தும் உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை அவரை விட்டுவைக்கவில்லை. தூசு படிந்த சுவர்த்துணியும் சூடேறிய இயந்திரமும் கலந்த வாசனை. மூலையில், நாடக ஓசைக்கென்றே செய்த, எந்த அறைக்கும் போகாத கதவு சட்டத்தோடு நின்றிருந்தது. எத்தனை கணவன்மார் அதை அறைந்து சாத்திவிட்டுப் போயிருப்பார்கள், எத்தனை மகன்கள் அதைத் தட்டித் திரும்பி வந்திருப்பார்கள்! தட்டில் பட்டாணியை உருட்டி மழை பெய்வித்ததும், ஒரு கோப்பைத் தேநீரை நால்வர் பங்கிட்டுக் குடித்ததும் நேற்று நடந்தவை போல் இருந்தன. இடி கதவை ஒருமுறை திறந்து மூடினார். கீல் அதே குரலில் முனகிற்று.

"கேட்டியா? நாம கிழமாயிட்டோம், இது ஆகல."

இயக்குநர் நாற்காலி போட்டு உபசரித்தார். "சார், அந்த நாடகம் வந்தா எங்க அப்பா வீட்ல யாரையும் மூச்சு விட விடமாட்டார். எட்டேகாலுக்குத் தெருவே அடங்கிடும். கொஞ்சம் கேட்டுட்டு கையெழுத்து போடுங்களேன்" என்று ஒலிநாடாவை ஓடவிட்டார்.

மழை பெய்தது. இடி முழங்கியது. ஆற்றில் நீர் ஏறும் இரைச்சலின் நடுவே மதகுக் காவலரின் குறட்டை எழுந்தது; விட்டவர் இடி. நீர் ஏற ஏறக் குறட்டையும் ஏறி, விசிலாகி, இறங்கி, மறுபடி ஏறிற்று. இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இயந்திரத்தருகே இருந்த ஊழியர் வெளிப்படையாகவே சிரித்தார்.

"நாற்பது வருஷமா என் பொண்டாட்டி இதைத்தான் தினம் ஓசியில கேக்கறா" என்றார் இடி, பெருமை தாளாமல்.

ரெண்டு நொடி மட்டும் சிரிக்கவில்லை.

ஊரின் தாழ்வான மூன்று தெருக்களை வெள்ளம் கொண்டுபோன கதை அது. 'மதகுக் காவலர் தக்க நேரத்தில் செயல்படவில்லை' என்று அரசின் விசாரணை அறிக்கை ஒரே வரியில் முடித்திருந்தது. தூங்கினார் என்று அறிக்கையில் எங்கும் இல்லை. ஆனால் வானொலியில் ஒருவர் ஒன்றும் செய்யாதிருப்பதை எப்படிக் காட்டுவது? செய்யாமைக்கு ஓசை இல்லையே! மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, நான்காம் நாள் அவர் எழுதினார்: 'காவலர் குறட்டை.' ஊர் அந்த நாடகத்தைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடிற்று.

மறு ஆண்டில் ஒருநாள் பார்வையாளர் அறையில் ஒருவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை தழும்பு. மடியில் மூன்று கடித நகல்கள். மதகைத் திறக்கும் சக்கரம் துருவேறி இறுகிவிட்டது, மழைக்குமுன் பழுதுபார்க்கவேண்டும் என்று மதகுக் காவலரான அவர் மேலிடத்துக்கு எழுதியவை. மூன்றிலும் அலுவலகம் பெற்றுக்கொண்ட முத்திரை இருந்தது. மூன்றும் கிணற்றில் போட்ட கல்லாகியிருந்தன.

"ஐயா, அன்னிக்கு நான் தூங்கலைங்க. விடியற வரைக்கும் அந்தச் சக்கரத்தோடதான் மல்லுக்கட்டினேன். அதுகூடப் போகட்டும். பள்ளிக்கூடத்துல என் பொண்ணு உள்ள நுழைஞ்சா, பிள்ளைங்க குறட்டை விடுதுங்க. அதை மட்டும் நிறுத்த முடியுங்களா?"

திருத்தம் ஒலிபரப்பலாமா என்று கேட்க, ரெண்டு நொடி அந்நாளைய இயக்குநரிடம் ஓடினார். "அரசாங்கமே அச்சடிச்சுக் கொடுத்தாச்சு, நீ என்ன அதுக்கு மேல பெரிய ஆளா? நாடகம்தானேப்பா, விடு" என்று பதில் வந்தது. விட்டுவிட்டார். நகல்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். காவலர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரப்பிள்ளைகள். இதே ஊரில், இதே வானொலியைக் கேட்கும் தொலைவில் இருக்கிறார்கள்.

"அம்மா, பழைய குறைப் பதிவேடெல்லாம் இருக்கா?" என்று ரெண்டு நொடி கேட்டார்.

இயக்குநர் வியப்போடு அலமாரியைத் திறந்தார். நாடகம் முதலில் ஒலித்த நாளின் பக்கத்தைத் தேடி எடுக்க வெகுநேரம் ஆகவில்லை. அவருடைய கையெழுத்தே: 'இரவு எட்டேகால். நாடகம். குறை ஒன்றுமில்லை.'

இரண்டு நொடிக்கு ஒரு வரி எழுதிய கை. அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். மேலே, ஒலிபரப்பில் படிப்பதற்காக அவர் முந்தின நாள் எழுதிய அரைப் பக்கத் திருத்தம். அடியில் மஞ்சளேறிய மூன்று நகல்கள்.

இயக்குநர் படித்தார். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. "சார்... இதுல துறையோட பேர் வருது. அறிக்கை தப்புன்னு வருது. நம்ம நிலையத்துக்கே தெரிஞ்சிருந்ததுன்னும் வருது. நான் மேல கேக்காம எப்படி?"

"கேளுங்கம்மா. கேக்கணும்."

இடி பதறினார். "டேய், நீ எழுதினதிலயே உருப்படியானது இது ஒண்ணுதான். அதையும் நீயே கெடுத்துக்கறியா? ஊரே உன்னைத் திட்டும்டா. வேணும்னா குறட்டையை மட்டும் வெட்டிடலாம். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

சொல்லிவிட்டு இடி ஒலிநாடா இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெட்டினா, நாம போடவே இல்லன்னு ஆயிடும்."

"சரி, நாம விட்ட குறட்டைன்னு சொல்லு. என்னையும் சேத்துக்கோ."

"நீ விட்டது நான் எழுதினதால."

அவர் இசைவுக் கடிதத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். கையெழுத்து இடவில்லை. முதலில் பழைய பதிவேட்டைத் திருப்பி, 'குறை ஒன்றுமில்லை' என்பதை அடிக்காமல், அதன் கீழே இருந்த சிறு இடத்தில் இன்றைய தேதியிட்டு எழுதினார்: 'காவலர் தூங்கவில்லை. குறட்டை என் கற்பனை. மறு ஆண்டே அறிந்தும் திருத்தவில்லை. காரணம்: நான்.' கையொப்பமிட்டுப் பேனாவை மூடினார்.

இயக்குநர் காத்திருந்தார். அவர் வழக்கம்போல ஒரு மூச்சு பொறுத்தார்.

"நாடகம் போகட்டும்மா, குறட்டையோட. அதுக்கு முன்னாடி இந்த அரைப் பக்கத்தை நானே படிக்கிறேன். மேல ஒத்துக்கிட்டா அன்னிக்கே கையெழுத்து போடுறேன். ஒத்துக்கலைன்னா போடமாட்டேன்."