பாதியில் நின்றவர்கள்

அக்காவைக் கணக்கிலிருந்து வெளியே தள்ளியது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள் அவள்.

எதிரே சுகாதாரத் துறை இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். அவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். புற்றுநோய்ப் பதிவேடுகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவள் அவள். சோதனையாக இரண்டு சிற்றூர்களில் கதிர்வீச்சு மையங்களை மூடி, நோயாளிகளைத் தலைமை மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார்கள். பலன் என்ன என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. முன்னைவிட அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தாள். கைதட்டினார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று.

சிகிச்சையை முழுதாக முடித்தவர்களை மட்டுமே அவள் கணக்கில் எடுத்திருந்தாள். பாதியில் நின்றவர்களைச் சேர்த்தால் சிகிச்சையின் பலன் தெளிவாகத் தெரியாது என்பது அவள் வாதம். அவர்களை நீக்கியதற்கு அறிக்கையில் ஒரு வரி. அவ்வளவுதான்.

நேற்று சாயங்காலம் அவள் தன் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தாள். அக்காவுக்கும் புற்றுநோய்; மூடிய மையங்களில் ஒன்று அக்காவின் ஊரில்தான் இருந்தது. கட்டிலில் அக்கா துணிமூட்டை போலச் சுருண்டு கிடந்தாள். சிகிச்சையை விட்டு மாதக்கணக்காகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"எல்லாம் நல்லபடியா போகுதுன்னு சொன்னியேக்கா?"

"போன்ல வேற என்னடி சொல்றது? நீ பெரிய ஆராய்ச்சிக்காரி. பஸ்ல வாந்தி எடுத்த கதைய சொன்னா, அதையும் கோடு போட்டு படமா காட்டுவ."

மாமா சுவரில் சாய்ந்து நின்றார். "தினமும் ரெண்டு பஸ் மாறணும்மா. திரும்பி வர்றப்ப இவளால நிக்கக்கூட முடியல. எங்க முதலாளி பார்த்தாரு. நீ உன் பொண்டாட்டிய பார்த்துக்கோ, கடைய நான் பார்த்துக்கறேன்னுட்டாரு. ரொம்ப நல்ல மனுஷன்."

அக்கா சிரிக்கப் போய் இருமினாள். "அதை விடுங்க. ஏண்டி, உன் கணக்குல நான் எந்தப் பக்கம்? பொழைச்ச பக்கமா, போய்ச் சேர்ந்த பக்கமா?"

இரண்டிலும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். "தண்ணி குடிக்கிறியாக்கா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

இன்று காலை அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக, நீக்கியவர்களைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தாள். அவள் காட்டிய முன்னேற்றம் கரைந்துபோனது. தூரத்து ஊர்க்காரர்கள் முன்னைவிட அதிகமாகச் செத்திருந்தார்கள். அதைவிட ஒன்று அவளைக் குத்தியது. அந்த ஒரு வரிக்குள் எத்தனையோ பேருடைய அக்காக்கள் கிடந்தார்கள். தன் அக்கா வந்து விழும்வரை அங்கே திரும்பிப் பார்க்கத் தோன்றவே இல்லையே! படித்த படிப்பை நினைக்க அவளுக்கே கூசியது.

இதையெல்லாம் இயக்குநரிடம் சொல்லியாயிற்று. அக்காவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"பாதியில விட்டவங்களை நீக்கணும்னு சொன்னதே நீங்கதானேம்மா?" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

"ஆமா சார்."

"அப்புறம் என்ன? அமைச்சர் நாளைக்கு அறிவிக்கப் போறாரு. மிச்ச மையங்களையும் மூடியாச்சுன்னா எல்லாருக்கும் நல்ல மிஷின், நல்ல டாக்டர். மேடையில ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க. திருத்தம் ஏதாவது இருந்தா அடுத்த வருஷம் பொறுமையா எழுதலாம். யாரு வேண்டாங்கறா?"

அடுத்த வருஷம். அவருக்கு அது வெறும் தேதி. நேற்றுவரை அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. அதை நினைத்தபோது அவரை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"நான் வரலை சார்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை."

அவர் பேனாவை மூடி வைத்தார். "சரி, வர வேண்டாம். உங்க அறிக்கைய அமைச்சர் வாசிச்சுக்குவாரு. பேரைச் சொன்னா போதும்."

"பேரும் வேண்டாம் சார்," என்றாள் மெதுவாக. "அந்த அறிக்கைய நான் திரும்ப வாங்கிக்கறேன்."