கதவைச் சாத்திய சபாநாயகர்

நான் சட்டசபைக் காவலர். எதிர்க்கட்சி உறுப்பினர்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே வைப்பதுதான் என் உத்தியோகம். பத்தொன்பது வருடத்தில் இடுப்பு போனதுதான் மிச்சம். நான் தூக்காத நாளில் அவர்களே எழுந்து போய்விடுவார்கள். எந்த மசோதாவானாலும் ஓட்டெடுப்புக்கு முன்னால் கோஷம், வெளிநடப்பு, கேமராவுக்கு நாலு வார்த்தை, அப்புறம் கேன்டீனில் டீ. ஓட்டுப் போட்டுத் தோற்பதைவிட அது கௌரவமாம்.

அன்று காலை சபாநாயகர் அறையில் அவருடைய அங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா ஒரு கையை நுழைத்ததும் வீட்டம்மாவிடமிருந்து போன்; ஸ்பீக்கரில் போட்டார். அம்மா அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அதைத் தனியாருக்கு விற்கும் மசோதா அன்றைக்குத்தான் வருகிறது.

"என்னங்க, நூத்தி இருபது கட்டில். கையில காசில்லாத பொண்ணுங்க இனிமே எங்க போய்ப் பெத்துக்கும்?"

"எனக்கு ஓட்டே கிடையாதும்மா. ரெண்டு பக்கமும் சமமா வந்தாத்தான் நான் போட முடியும்."

"அப்ப சமமா வர வைங்க."

"அது என் கையில இல்ல."

"கல்யாணமான நாள்லேருந்து இதைத்தான் சொல்றீங்க."

அம்மா போனை வைத்துவிட்டார். இன்னொரு கையை அங்கிக்குள் விட ஐயாவுக்கு வெகுநேரம் பிடித்தது.

ஐயாவைச் சேர்க்காமல் ஆளுங்கட்சிக்கு ஐம்பத்து மூன்று பேர், எதிர்க்கட்சிக்கு நாற்பத்தெட்டு. ஆனால் ஆளுங்கட்சியில் ஐந்து பேர் வெளிநாட்டுக்குக் கல்விச் சுற்றுலா போயிருந்தார்கள். என்ன கல்வி என்று கேட்கக் கூடாது. முதல்வருக்கு அதில் கவலையே இல்லை. எதிர்க்கட்சிதான் எப்படியும் டீ குடிக்கப் போய்விடுமே.

பதினொரு மணிக்குக் கோஷம் ஆரம்பித்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் எழுந்து, மேஜைக்கடியில் கழற்றிவிட்ட செருப்பைக் காலால் துழாவினார்கள். வழக்கமாக அவர்கள் போன பிறகுதான் ஓட்டெடுப்பு மணி அடிக்கும். மணி அடித்துக் கதவைச் சாத்திவிட்டால் ஓட்டு முடியும்வரை யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது என்பது விதி. ஐயா அப்போதே மணியை அழுத்தினார்.

"காவலர், கதவைச் சாத்துங்க."

சாத்தினேன். எதிர்க்கட்சித் தலைவர் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார்.

"திறப்பா. வெளிநடப்பு எங்க உரிமை."

"போய் உக்காருங்கய்யா. தூக்க வச்சிராதீங்க."

ஆளைத் தூக்கி உள்ளே வைப்பேன் என்று நான் மிரட்டியது அதுதான் முதல் தடவை. "ஜனநாயகப் படுகொலை" என்று கத்திக்கொண்டே, வேறு வழியில்லாமல் நாற்பத்தெட்டுப் பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு. ஐயா தண்ணீர் குடித்தார், தொண்டையைச் செருமினார், முதல்வர் பக்கமே திரும்பாமல் "எதிர்க்கிறேன்" என்றார். ஆஸ்பத்திரி பிழைத்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் என்னவோ தாங்கள்தான் வெட்டி முறித்த மாதிரி மேஜையைத் தட்டினார்கள்.

அடுத்த வாரமே ஐயாவைப் பதவியிலிருந்து இறக்கத் தீர்மானம் வந்தது. சுற்றுலாக்காரர்கள் இன்னும் திரும்பவில்லை; துணை சபாநாயகர் ஐயாவின் நாற்காலிக்குப் போனதில் ஆளுங்கட்சிக்கு இன்னொரு ஓட்டும் குறைவு. எதிர்க்கட்சி உட்கார்ந்து ஓட்டுப் போட்டால் ஐயா தப்பிவிடுவார். துணை சபாநாயகர் மணியைத் தொடாமல் பொறுமையாகக் காத்திருந்தார். அவர்கள் எழுந்தார்கள், கோஷம் போட்டார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு வெளிநடப்புச் செய்தார்கள். நான் கதவுப் பக்கத்தில்தான் நின்றேன். சாத்தச் சொல்ல ஆள் இல்லை.

பதவி போன ஐயாவை வாசல்வரை கொண்டுபோய் விடும் வேலை என் தலையில் விழுந்தது. கேன்டீனைத் தாண்டும்போது எதிர்க்கட்சித் தலைவர் டம்ளரும் கையுமாக வந்து கண்கலங்கினார்.

"உங்களுக்காகத்தாங்கய்யா வெளிநடப்பே செஞ்சோம்."

"டீ ஆறிடப் போகுது, குடிங்க" என்றார் ஐயா.