பட்டன் அக்காவைப் பற்றி நான் எழுதாமல் விட்டது

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மழுப்புவதுபோல் இருக்கும். எங்கள் சபையின் பாடகர் குழுவிலிருந்து பட்டன் அக்காவை எடுத்துவிடலாம் என்று முதலில் வாய் திறந்தவன் நான்தான். ஒன்றரை வருடம் கழித்து அந்த அக்கா தன் சிறுநீரகங்களில் ஒன்றை எங்கள் பாட்டு டீச்சருக்குக் கொடுத்தார். அதை எழுத உட்கார்ந்து இரண்டு தொடக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

"தேவதைகள் சில சமயம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள், அவர்களுடைய சிறகுகளை…"

(வேண்டாம். தேவதைக்கு இடுப்பு வலிக்காது. அக்காவுக்கு வலிக்கும்.)

"அவள் ஒரு சாதாரணப் பெண்…"

(இதை எழுதியவன் தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தான்?)

மூன்றாவது தொடக்கத்தைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

2

சட்டைகளுக்குப் பட்டன் வைக்கும் இயந்திரத்தில் அக்காவுக்கு வேலை. நாற்பது இயந்திரங்கள் ஒன்றாக ஓடும் கூடம் அது. பக்கத்தில் இருப்பவரிடம் நூல் கேட்கவும் கத்தித்தான் ஆகவேண்டும். அந்தத் தொண்டையோடுதான் ஞாயிறு காலை ஆராதனைக்கு வருவார். சுருதி ஒரு பக்கம் போகும், அக்கா இன்னொரு பக்கம் போவார், அதுவும் முழு நம்பிக்கையோடு.

டீச்சர் பள்ளியில் இசை கற்பித்து ஓய்வு பெற்றபின் எங்கள் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். மழையில் நனைந்தாலும் யாரிடமும் குடை இரவல் வாங்கமாட்டார். நான் புகார் சொன்னதும் அக்காவைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது, கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க குரல் மத்தவங்களையும் இழுத்துட்டுப் போயிடுது. நீங்க மேடைக்குக் கீழ, சபையோட உட்காந்து பாடுங்களேன்."

"அவ்வளவுதானே டீச்சர்? இதைச் சொல்லவா இவ்வளவு தயங்கினீங்க?"

அடுத்த வாரம் முதல் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடினார். சத்தம் மட்டும் குறையவில்லை.

3

மறுவருடம் டீச்சருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தச் சுத்திகரிப்பு. கூடப்பிறந்தவர் யாருடையதும் பொருந்தவில்லை. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்தபின் போதகர் ரத்த வகையைச் சொல்லி, மனமுள்ளவர்கள் தன்னை வந்து பார்க்கலாம் என்றார்.

அதே ரத்தம்தான் என் உடம்பிலும் ஓடுகிறது. நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த பாட்டைத் தேடினேன். அடுத்த பாட்டே கிடையாது. ஆராதனைதான் முடிந்துவிட்டதே.

அக்கா நேராகப் போதகரிடம் போனார். பரிசோதனைகள் மாதக்கணக்கில் நடந்தன. கடைசியில், அனுமதி கொடுக்கும் ஆஸ்பத்திரிக் குழுவினர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கூடப் போயிருந்த போதகர் சொன்னது இது.

"அவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"ஒரே சபைங்க."

"அது ஒரு உறவாம்மா?"

"இல்லைன்னா எதுக்குங்க வாரா வாரம் சகோதரி, சகோதரின்னு கூப்பிட்டுக்கிறோம்?"

4

இந்த இடத்தில் எனக்கு அக்காமேல் நம்பிக்கை போய்விட்டது. கதாபாத்திரமாகத்தான் சொல்கிறேன். தன்னை ஒதுக்கியவருக்கு ஒருத்தி உடம்பை அறுத்துக் கொடுக்கிறாள் என்றால் வாசகர் காரணம் கேட்பாரே. அதனால் சிறுநீரகம் கெட்டு இறந்துபோன ஒரு தங்கையை அவருக்கு உண்டாக்கினேன். அந்தத் தங்கைக்குச் சுருட்டை முடிகூட வைத்தேன். (பிறகு அடித்துவிட்டேன். காரணமில்லாமல் யாரும் கொடுக்கமாட்டார்கள் என்பது என் கணக்கு. அதை அவர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.)

வெட்கத்தை விட்டு அக்காவிடமே கேட்டேன்.

"வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எனக்கு ஜெபமே வரல தம்பி. வாயைத் திறந்தா ஒண்ணும் வராது. அப்ப நான் குழுவுல சேரல. நீங்கள்லாம் மேல நின்னு பாடுவீங்க. அதையே என் பேர்ல ஏத்துக்கோ ஆண்டவரேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். அந்தப் பாட்டையெல்லாம் கத்துக்கொடுத்தது யாரு? டீச்சர்தானே. நன்றி சொல்ல எனக்கு வேற வழி கிடைக்கல."

அந்த இரண்டு வருடமும் நானும் மேலே நின்று பாடிக்கொண்டிருந்தேன். என் கவனமெல்லாம் என் குரல் தனியாகக் கேட்கிறதா என்பதில்தான் இருந்தது.

5

அறுவைசிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள் டீச்சர், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அக்காவின் அறைக்கு வந்தார். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன். டீச்சர் உட்காரவில்லை.

"வீட்டுக்குப் போனதும் நீங்க மறுபடியும் குழுவுக்கு வந்துடுங்க. முன்வரிசையில நில்லுங்க."

"வேணாம் டீச்சர். நான் பாடுற லட்சணம் எனக்கே தெரியும். நன்றிங்கிற பேர்ல பாட்டைக் கெடுத்துடாதீங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுத்ததில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப நான் என்னதான் செய்யறது? எனக்கு யார்கிட்டயும் வாங்கிப் பழக்கமில்லையே."

"வாங்கிட்டீங்களே. அதுவே பெரிசு. எனக்கு ஒரு பக்கம்தான் வலி. உங்களுக்கு உடம்பும் வலி, மனசும் வலி. இப்பவாவது உட்காருங்க."

டீச்சர் உட்கார்ந்தார்.

6

இனி முடிவு.

ஒன்று: டீச்சர் பாடகர் வரிசையைவிட்டு இறங்கி வந்து, கடைசி வரிசையில் அக்காவின் பக்கத்தில்… (நடக்கவில்லை. டீச்சர் இப்போதும் மேலேதான் நிற்கிறார், முன்பைவிடக் கண்டிப்பாக.)

இரண்டு: நான் சபையின் முன் எழுந்து நின்று… (எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.)

வேறு வழியில்லாமல், அதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன். மதிய இடைவேளையில் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சட்டைக் கையில் ஒட்டியிருந்த நூல்பிசிறுகளை எடுத்தபடியே முழுதும் கேட்டார்.

"நல்லாருக்கு தம்பி. ஒண்ணுதான் விட்டுப்போச்சு."

"என்னக்கா?"

"நான் பயந்தது."

நான் பேனாவை எடுத்தேன்.

"ஆபரேஷன் அன்னைக்குக் காலைல அந்த அங்கியை மாட்டிவிட்டு, வண்டி வரும், உட்காருங்கன்னாங்க. என் துணிப்பையைத் தூக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். துணியை மாத்திட்டு ஓடிடலாம்னுதான் போனேன். அழுதேன். ஆண்டவர்கிட்ட சண்டை போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வெளிய வந்தேன்."

"நடுவுல என்னக்கா ஆச்சு?"

"அதெல்லாம் சொல்லத் தெரியாது. ஆனா பயந்தேன்னு மட்டும் போட்டுடுங்க. இல்லைன்னா படிக்கிறவங்க, இதெல்லாம் நம்மளால ஆகாதுன்னு மூடி வச்சிட்டுப் போயிடுவாங்க."

மணி அடித்தது. அக்கா தன் இயந்திரத்துக்குத் திரும்பினார்.

சொன்னபடி போட்டுவிட்டேன். தாழ்ப்பாளுக்கு வெளியே நின்றுகொண்டு என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். கால் மணி நேரம் உள்ளே இருந்தாராம். அந்தக் கால் மணியை எழுத, அப்படி ஓர் அறைக்குள் போய் வந்த ஆள் வேண்டும். நான் இன்னும் போகவில்லை. நீங்கள் போயிருந்தால் மீதியை எழுதுங்கள். அந்தப் பையை அவர் எப்போது கீழே வைத்தார்?